மல்லிகா என்று அடித்த டிரம்

கான்ஸ்டபிள் ஒரு எட்டணாக் காசின் விளிம்பால் டிரம்மைச் சுரண்டினார்.

கன்னியம்மா வீட்டு வாசலில், முருங்கை மரத்தடியில், அந்த டிரம்மைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இடுப்பு உயரம், நீலப் பெயிண்ட் அடித்த இரும்பு டிரம். அதன் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை. பட்டையின் மேல் வெள்ளையில், இரண்டு விரல் பருமனில், 'மல்லிகா' என்று இருந்தது. அது நான் அடித்த எழுத்து.

சுரண்டச் சுரண்டக் கறுப்பு உதிர்ந்தது. அடியிலிருந்து இன்னொரு வெள்ளை எழுத்து எட்டிப் பார்த்தது. முதலில் ஒரு தடித்த கோடு. அடுத்து, மேலும் கீழும் பிளவு விட்ட ஒரு வட்டம். ஆங்கில எழுத்து, அதுவும் ஸ்டென்சில்தான். அவர் கால்வாசி சுரண்டுவதற்குள் எனக்கு மீதி தெரிந்துவிட்டது. பாய்சன். விஷம்.

"இன்னா சார் எழுதிக்கீது அதுல?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். கான்ஸ்டபிள் காசைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கன்னியம்மா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள்தான் அவளுடைய ஒரே மகளைப் புதைத்திருந்தார்கள். மல்லிகாவுக்கு ஏழு வயது.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை உலகமே செய்தியில் கேட்டது. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது இந்த டிரம்மைப் பற்றி. இத்தனை வாரமாக அப்பாவின் சைக்கிள், மாதா கோயில் தேர் என்று இந்தத் தொடரில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்ததே இதைத் தள்ளிப்போடத்தான்.

எலும்பின் மேல் எழுத்து

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போவேன். இன்றைக்கு ஒரகடம் வழியாகப் போகிறவர்களுக்குக் கார் கம்பெனிகளும் கன்டெய்னர் லாரிகளும்தான் கண்ணில் படும். அன்றைக்கு வயலும் ஏரியும்தான். நடுநடுவே தகரக் கூரை போட்ட கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. எங்களுடையது அதில் ஒன்று. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலந்து அடைத்து அனுப்புகிற இடம். பெயர் வேண்டாம். அந்தக் கம்பெனி இப்போது இல்லை.

என் வேலை பெட்டிகளிலும் டிரம்களிலும் எழுத்து அடிப்பது. எனக்கு முன்னால் காஞ்சிபுரத்து பெயிண்டர் ஒருவர் கையால் எழுதிக்கொண்டிருந்தார். நிழல் கொடுத்து, வால் வைத்து, சினிமா போஸ்டர் மாதிரி எழுதுவாராம். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த மரப்பெட்டியின் பலகை ஒன்றைத் தூக்கி வந்து என் முன்னால் போட்டார். "இது மாதிரி வேணும். நூறு பெட்டின்னா நூறும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றார்.

அந்தப் பலகையை நான் முதன்முதலில் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. தடித்த எழுத்து. வளைவு, நெளிவு, வால் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் காலை அகட்டி முறைத்துக்கொண்டு நின்றது. அங்கங்கே கத்தியால் வெட்டியது போல இடைவெளி. அந்த இடைவெளி அலங்காரம் இல்லை. அட்டையில் வட்டத்தை முழுதாக வெட்டினால் நடுவில் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். அது விழாமல் இருக்க மேலே ஒன்று, கீழே ஒன்று வெட்டாமல் விடவேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'பிடி'.

அட்டையில் வெட்டினால் பெயிண்டில் ஊறிப் போனது. தகரத்தில் வெட்டினால் கை கிழிந்தது. கடைசியில் காயலான் கடையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கட்டாகக் கிடைத்தது. பாதி பிளேடால் வெட்டலாம், மண்ணெண்ணெயில் துடைத்தால் மறுபடி புதுசு. யாருடைய முழங்கையோ, யாருடைய தாடையோ, அதன் மேல் எழுத்தை வெட்டுவேன். முதல் வாரம் சோறு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

ஆங்கிலத்தை அந்தப் பலகையிலிருந்து பார்த்து வெட்டிவிட்டேன். தமிழுக்குப் பலகை ஏது? 'க'வுக்குப் பிடி வேண்டும், 'ல'வுக்கு வேண்டும், 'வ'வுக்கு வேண்டும். 'ழ' என்றால் எனக்கு அழுகையே வரும். ஒவ்வொன்றாகக் கெடுத்துக் கெடுத்து, அதே தடிமனில், அதே முறைப்பில் தமிழை நிற்கவைத்தேன். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. இன்றைக்கும் அந்தப் பெருமை முழுதாகப் போகவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையால் எழுதினால் யார் எழுதியது என்று தெரியும். ஸ்டென்சிலில் தெரியாது. ஃபிலிமை வைத்துப் பிரஷ்ஷை ஒத்தினால் யார் ஒத்தினாலும் ஒரே எழுத்துதான் விழும்.

கம்பெனி எழுத்து

ஊர் ஜனங்கள் அதைக் 'கம்பெனி எழுத்து' என்றார்கள். முதலில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற தகரப் பெட்டியில் அடித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். டிபன் பாக்ஸ், அரிசி டிரம், மாட்டுவண்டிப் பலகை, மாதா கோயில் பெஞ்சு, கல்லறைத் தோட்டத்துச் சிலுவை, எல்லாவற்றுக்கும் கம்பெனி எழுத்து வேண்டும். பாத்திரத்தில் பெயர் வெட்டி வாங்குகிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டுதானே, அது டிரம்முக்கும் வந்துவிட்டது. ஒருத்தர் எருமைக்கு அடிக்க முடியுமா என்று கேட்டார். சும்மா இருக்கமாட்டாமல் அடித்தும் கொடுத்தேன். அது ஏரியில் ஒரு நாள் படுத்து எழுந்ததும் போய்விட்டது.

அந்த எழுத்து இருந்தால் சாமான் கெட்டி, அசல், கம்பெனிச் சரக்கு என்று ஒரு நம்பிக்கை. கம்பெனிக்குள்ளோ அதே எழுத்தில்தான் விஷ டிரம்கள் வந்து இறங்கின. முன்பெல்லாம் அந்த முறைப்பான எழுத்தைப் பார்த்தாலே பெண்கள் ஓர் அடி தள்ளி நிற்பார்கள். அவர்கள் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் அதில் அடித்து அடித்து, அந்தப் பயத்தை நான்தான் போக்கினேன்.

படிக்கத் தெரியாதவர்களுக்காக கம்பெனியில் வேறொரு வழக்கம் இருந்தது. விஷப் பொடி வரும் டிரம்மின் உள்ளே பாலிதீன் உறை இருக்கும். உறையை உருவியதும் ஸ்டோர் கீப்பர் ஏழுமலை அண்ணன் கடப்பாரையால் டிரம்மின் அடியில் ஓங்கி ஒரு குத்து குத்துவார். ஓட்டை விழுந்த டிரம்மை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். மருந்து தண்ணீரில் கலக்கச் சேர்க்கும் சோப்பு எண்ணெய் வரும் டிரம்முக்கு ஓட்டை கிடையாது. கழுவி எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கும் ஒரு வழக்கம் இருந்தது. பெயர் அடிப்பதற்கு முன்னால் டிரம்மின் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். அது எல்லோருக்கும் தெரியும். "ஸ்டெல்லா பேர் அடிச்சிட்டாளா? அப்போ நல்ல டிரம்மு" என்பார்கள்.

கடப்பாரைக்குப் பொட்டு

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பேக்கிங் பெண்களுக்குப் பொரி, சுண்டலோடு ஆளுக்கொரு காலி டிரம்மும் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு எப்போதும் அல்லாட்டம். பொரியைவிட டிரம்முக்குத்தான் மவுசு.

அந்த வருஷம் ஏழுமலை அண்ணன் காலையிலேயே கடப்பாரையைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஆபீஸ் வாசலில் சாமி படத்துக்குக் கீழே சாய்த்துவிட்டார். பொட்டு வைத்த ஆயுதத்தைப் பூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு இரண்டு விஷ டிரம்கள் காலியாயின. லீவு முடிந்து வந்து குத்திக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரத்தில் பூஜைக்கு இடம் வேண்டும் என்று யாரோ முற்றத்தைப் பெருக்கி, ஓரத்தில் இருந்த டிரம்களை எல்லாம் ஒன்றாகத் தள்ளிவிட்டார்கள்.

நான் பூஜைக்கு முன்னால் எல்லாப் பெயரையும் அடித்து முடித்து, என் ஃபிலிம்களையும் பிரஷ்ஷையும் சாமிக்கு வைக்கவேண்டும். நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். பழைய ஆங்கில எழுத்து மறைய முதலில் கறுப்புப் பட்டை அடித்து, அது காய்ந்த பிறகு மேலே பெயர். நேரமாகிறது என்று பெண்கள் தாங்களே பிரஷ்ஷை வாங்கி ஆளாளுக்குப் பட்டை அடித்துக்கொண்டார்கள்.

கன்னியம்மா கிட்டத்தட்ட கடைசியில் வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புருஷன் லாரியில் போனவன் திரும்பி வரவில்லை. பேக்கிங்கில் எனக்குப் பக்கத்து மேஜை. மீன் குழம்பு வைத்தால் எனக்கென்று தனியாக ஒரு கிண்ணம் கொண்டுவருவாள். எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே என்னை எழுத்துக்காரி என்று கூப்பிடுவாள்.

"ஏய் எழுத்துக்காரி, எம் பேரு வாணாம். மல்லி பேரு போடு. எங்க வூட்ல படிக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"எங்கக்கா புடிச்ச இந்த டிரம்மை? சும்மா கிண்ணுனு கீது!"

"அந்த ஓரத்துல இருந்துச்சும்மே. ஒரு நசுங்கல் இல்ல பாரு. பட்டைகூட நானே அடிச்சிட்டேன்."

ஊரில் நாலைந்து மல்லிகாக்கள் உண்டு. அதனால் அந்தப் பெயரை முழுசாக ஒரே ஃபிலிமில் வெட்டி ஆணியில் மாட்டியிருந்தேன். யாரோ ஒருவருடைய விலா எலும்புப் படம். அதை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கப்படி மூடியைத் திறந்து மோந்தேன்.

மோந்தேன் என்பதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அதற்குள் முப்பது டிரம்முக்கு மேல் அடித்திருந்தேன். மூக்கு முழுக்க என் பெயிண்டும் தின்னரும்தான். அந்த டிரம்மிலும் எனக்கு அதுதான் அடித்தது. உறையை உருவின டிரம், உள்ளே பளபளவென்று இருந்தது. "நல்லா கீதுக்கா" என்று சொல்லிப் பிரஷ்ஷை ஒத்தினேன்.

பெயிண்டு வாசனை

கன்னியம்மா அந்த டிரம்மைப் புளியும் சாம்பலும் போட்டு இரண்டு தடவை தேய்த்திருக்கிறாள். லேசாக ஒரு வாடை வந்திருக்கிறது. பிறகு என்னிடம் அவளே சொன்னாள், "உன் பெயிண்டு வாசனைன்னு நெனச்சிக்கினேம்மே" என்று.

லீவு முடிந்து நாங்கள் வேலைக்குப் போன அன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த மல்லிகா பக்கத்தில் இருந்த குடிதண்ணீர்க் குடத்தை விட்டுவிட்டு, தன் பெயர் போட்ட டிரம்மில் டம்ளரை விட்டு மொண்டு குடித்திருக்கிறாள். இரண்டு நாளாகத் தெருப் பிள்ளைகளை எல்லாம் கூட்டி வந்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாளாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கும்போது வாயில் நுரை. ஒரு வேனைப் பிடித்து மெட்ராசுக்குக் கொண்டுபோனார்கள். பூந்தமல்லி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டிரம்முக்குள் இருந்த உறையில் எங்கோ ஒரு கிழிசல். டிரம்மின் அடி மடிப்பில் கொஞ்சம் பொடி இறங்கி, தேய்த்தும் போகாமல் தங்கியிருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த நாள் மேனேஜர் எங்கள் எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்தார்.

"இந்த வருஷம் கம்பெனி யாருக்கும் டிரம் குடுக்கல. புரியுதா? குடுத்துச்சுன்னு யாராவது ஒருத்தர் சொன்னாலும் கம்பெனியை இழுத்து மூடிடுவாங்க. எண்பது குடும்பம் தெருவுக்கு வரும். அப்புறம் உங்க இஷ்டம்."

இரண்டே நாளில் சுற்றுவட்டாரத்தில் நாற்பது வீடுகளில் என் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். சில வீடுகளில் டிரம்மையே கிணற்றில் போட்டார்கள். ஏழுமலை அண்ணன் கடப்பாரையில் காய்ந்துபோன பொட்டை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆபீஸ் பெஞ்சில்

விசாரணைக்குக் கன்னியம்மாவையும் என்னையும் கூப்பிட்டார்கள். ஆபீஸுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே எஸ்.ஐ., மேனேஜர், மெட்ராசிலிருந்து வந்த கம்பெனி வக்கீல்.

நான் சொல்லவேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரியும். கம்பெனிதான் டிரம் கொடுத்தது, நான்தான் மோந்து பார்த்துப் பெயர் அடித்தேன். இரண்டே வாக்கியம். சொன்னால் கன்னியம்மா டிரம்மைத் திருடினவள் என்று ஆகாது. ஒரு பிள்ளையின் சாவுக்குக் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். சொன்னால் அன்றைக்கே எனக்கு வேலை போகும். அப்பா கிணறு வெட்டும்போது விழுந்து இடுப்பொடிந்து மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடந்தார். தங்கச்சி பத்தாவது. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி.

கன்னியம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உங்கப்பா இன்னும் படுக்கையிலதான் கீறாரா?"

"ஆமாக்கா."

முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஆபீஸுக்குப் பாதிக் கதவுதான். எல்லாம் காதில் விழுந்தது.

"நாந்தான் சார் எடுத்துக்கினு போனேன். யாரும் குடுக்கல."

"பேர் அடிச்சது யாரு?"

"நாந்தான்."

"உனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதாமே?"

"தெரியாது சார். ஆணியில மாட்டியிருந்துச்சு. விலா எலும்பு இருக்கறது எம் பொண்ணு பேருன்னு தெரியும். அத்த வெச்சு அடிச்சேன்."

பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். கன்னியம்மா சுவரோரமாக நின்றிருந்தாள்.

எஸ்.ஐ. வயதானவர். அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "ஏம்மா, நீதான இங்க எழுத்து அடிக்கிறவ? எழுத்தே தெரியாத ஒரு ஆளு இவ்வளவு சுத்தமா அடிக்க முடியுமா? பயப்படாம சொல்லு" என்றார். அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்றுதான் இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

"முடியும் சார்" என்றேன். "ஸ்டென்சில்தான சார். எழுத்து தெரியவேண்டியதில்ல."

"செஞ்சு காட்டு."

மேனேஜரே எழுந்து போய் விலா எலும்பு ஃபிலிமையும் கட்டைப் பிரஷ்ஷையும் கொண்டுவந்தார். மேஜையில் ஒரு வெள்ளைத்தாளைப் போட்டார்கள். ஃபிலிமை அதன் மேல் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷை ஒத்தினேன். என் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எழுத்து கெட்டிருக்கும். என் பொய்யும் கெட்டிருக்கும். ஃபிலிமைத் தூக்கினேன். தாளில் கறுப்பாக, தடிப்பாக, பிசிறில்லாமல் மல்லிகா என்று விழுந்திருந்தது.

கன்னியம்மா ஓர் அடி முன்னால் வந்து அதைப் பார்த்தாள்.

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்து ஏதோ எழுதினார். அடியில் அவளுடைய பெருவிரலை உருட்டினார்கள். கன்னியம்மாவுக்கு அன்றோடு வேலை இல்லை என்றும், திருட்டுக் கேஸ் போடாமல் கம்பெனி பெருந்தன்மையாக விடுகிறது என்றும் வக்கீல் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. மை பட்ட விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தப் பேப்பரு எனக்குக் கெடைக்குமா?"

"அது ஃபைல்ல போகணும்மா" என்றார் எஸ்.ஐ.

அவள் என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"ஸ்டெல்லா, எனக்கு ஒண்ணு அடிச்சுக் குடும்மே. அது பேர எழுதிக்க எனக்குத் தெரியாது. வூட்ல வெச்சிக்கிறேன்."

ஃபிலிம் என் கையில் இருந்தது. பிரஷ்ஷில் பெயிண்ட் காயவில்லை. மேஜையில் இன்னும் வெள்ளைத்தாள் கிடந்தது. ஒரே ஒரு தடவை ஒத்தியிருக்க வேண்டும், அரை நிமிஷ வேலை.

நான் மேனேஜரின் முகத்தைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். ஃபிலிமைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.